ஏரிக்குள்ள நின்ன பெண் யானை

கடல் மாதிரி ஒரு ஏரி கிடந்துச்சாம், அதோட கரையில ஒரு ஊராம். அந்த ஊர்ல பூதின்னு ஒருத்தி, ஏரி மடையைத் திறந்து மூடுறவ. அவ திறந்தாத்தான் ஊருக்கே சோறு.

அந்த நாட்டு ராஜாகிட்ட சேந்தன்னு ஒரு அதிகாரி. எனக்கு நிலம் குடுங்கன்னு கேட்டான், ராஜாவும் சரின்னுட்டார். எல்லை எப்படிப் போடுவாங்கன்னு கேக்குறியா? ஒரு பெண் யானையை நடக்க விடுவாங்க கண்ணு! பொழுது சாயறதுக்குள்ள அது சுத்திட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்துட்டா, உள்ள இருக்கறதெல்லாம் அவனுக்கு.

இந்த ஊர்லதான் யானை நடக்கும்னு ராஜாவோட ஓலை வந்துச்சு. ஊரே எதிர்ல போய்க் கும்பிட்டு, தலைமேல வச்சு வாங்குச்சு. பூதிக்கு மட்டும் மனசு ஒப்பல. ஏன்னா ஏரியைச் சுத்தி, யானை அந்த வழியே போகட்டும்னு சேந்தன் ஆளுங்க மூணு பானை வெல்லம் ஒளிச்சு வச்சதை அவ பாத்துட்டா. ஏரி போச்சுன்னா ஊரே தண்ணிக்கு அவன் வாசல்ல நிக்கணும். மடைக்காரி சொன்னா யாரு நம்புவா?

அப்புறம் யானை வந்துச்சு பாரு! நெத்தியில பொன்பட்டம், காலடி வச்சா பூமி அதிருது. பூதிக்குக் கோபமே வரல, கைதான் தானா கும்பிட்டுச்சு.

யானையோட கூட வந்த ராஜாகிட்ட பூதி கேட்டா: "மகாராசா, நடுவுல அதுக்குத் தாகம் எடுத்தா?"

"குடிக்கட்டும். யாரும் அதட்டக் கூடாது, இழுக்கக் கூடாது."

யானை நடந்துச்சு. மொதப் பானையைத் தின்னுச்சு, நடந்துச்சு. ரெண்டாம் பானையைத் தின்னுச்சு, நடந்துச்சு. மூணாம் பானையைத் தின்னுச்சு, தொண்டை வறண்டுச்சு, விறுவிறுன்னு ஏரிக்குள்ள இறங்கிடுச்சு! குடிச்சுது, முதுகுல பீச்சிக்கிச்சு, அப்புறம் கோயில் கோபுரம் மாதிரி அப்படியே நின்னுச்சு. பொழுது இறங்குது, யானை அசையல.

சேந்தனுக்குப் பொறுக்கல. "மூணு பானை வெல்லத்தையும் தின்னுட்டு நிக்கிறியே, வெளிய வாடி!"ன்னு கத்திட்டான்.

ராஜா திரும்பினார். "எந்த வெல்லம், சேந்தா?"

அவன் ராஜா கால்ல விழுந்தான். அதுக்குள்ள சூரியனும் மறைஞ்சுது.

"யானை நின்ன நாலு காலடி மண்ணு மட்டும் உனக்கு"ன்னார் ராஜா. "வருஷா வருஷம் கோடையில வந்து, கரையிலேருந்து உன் நிலம் வரைக்கும் நீயே தூர் வாரணும்."

அப்பத்தான், யாரும் கூப்பிடாமலே யானை கரையேறுச்சு. பூதி பக்கத்துல வந்து, ஈரத் தும்பிக்கையால அவ தலையைத் தொட்டுச்சு. அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு, தரையில விழுந்து கும்பிட்டா.

கோடைக்குக் கோடை சேந்தன் கூடை சுமந்தான், மழைக்கு மழை ஏரி ரொம்புச்சு. ஊரை ஏய்க்கப் பாத்தவன் ஊருக்கே மண்ணு சுமந்தான். பூதி மடையைச் சாத்திட்டா, நானும் கதையைச் சாத்திட்டேன், நீ கண்ணைச் சாத்து.