மணலுக்கு அடியில் சேறு

கரையோரக் கடலில் இருந்த சின்னஞ்சிறு தீவொன்றில் பெருங்கொடுக்கன் என்னும் நண்டு தன் சுற்றத்தோடு வாழ்ந்துவந்தது. அதன் ஒரு கொடுக்கு உடலளவுக்குப் பெரியது. தீவுக்கு யார் வந்தாலும் அதை உயர்த்தி அசைத்து வரவேற்பது அக்குலத்தின் வழக்கம். வழக்கம் இருந்ததே தவிர, வருவோர்தாம் இல்லை.

ஆண்டுதோறும் இளஞ்சிவப்புப் பூநாரைக் கூட்டம் தலைக்கு மேலே பறந்து எதிர்த்தீவில் போய் இறங்கும். பெருங்கொடுக்கன் கொடுக்கை ஆட்டி ஆட்டி ஓய்ந்துபோகும். அதன் ஒரே தோழனாகிய ஆமையும் ஒருநாள் பொறுமையிழந்தது.

“இந்த ஆண்டும் ஒருவரும் இறங்காவிட்டால், நான் எதிர்த்தீவுக்கே குடிபோய்விடுவேன், தம்பி. உன் முகத்தையே எத்தனை காலம் பார்த்துக்கொண்டிருப்பது?”

பெருங்கொடுக்கனுக்கு நெஞ்சு கலங்கியது. அப்போதுதான் கடற்காகம் ஒரு செய்தி கொண்டுவந்தது. தங்குவதற்குத் தகுந்த இடமா என்று தீவை ஆராய, பூநாரைக் கூட்டத்தின் தலைவியே வருகிறதாம்!

எதிர்த்தீவின் சிறப்பு அதன் வெண்மணல்தான் என்று ஆமை உறுதியாகச் சொன்னது. இங்கேயோ கரையின் பாதி கருஞ்சேறு, நாற்றம் வேறு. நண்டுகள் உடனே வேலையில் இறங்கின. மறுபாதிக் கரையின் மணலைச் சிறு சிறு உருண்டைகளாக உருட்டிக் கொண்டுவந்து, சேறு முழுவதையும் மூடி மறைத்தன.

தலைவி வந்து இறங்கியது. பெருங்கொடுக்கன் கொடுக்கை அசைத்து வரவேற்றது; கிளிஞ்சல்களைக் காட்டியது; தென்றலைப் புகழ்ந்தது. தலைவி பொறுமையோடு எல்லாவற்றையும் பார்த்தது.

“காட்சி நன்று, காற்றும் நன்று. ஆனால் என் கூட்டம் காற்றையா உண்ணும்?” என்று கேட்டுவிட்டுச் சிறகை விரித்தது.

ஆமை முகத்தைத் திருப்பிக்கொண்டது. அதைக் கண்டதும் பெருங்கொடுக்கனின் கொடுக்கு தாழ்ந்தது. இனி மறைத்து ஆவதென்ன?

“அம்மா, ஒரு நொடி நில்லுங்கள். இந்த மணல் இவ்விடத்துக்கு உரியதன்று. நாங்கள் கொண்டுவந்து பரப்பியது. அடியில் இருப்பது வெறும் சேறு. உங்கள் கண்ணில் படக் கூடாதென்று மூடிவிட்டோம். மன்னித்துவிடுங்கள்.”

“சேறா? எங்கே?”

நண்டு வெட்கத்தோடு மணலை விலக்கியது. தலைவி வளைந்த அலகைச் சேற்றுக்குள் நுழைத்தது. நெடுநேரம் தலை நிமிரவே இல்லை. பிறகு அலகைத் துடைத்துக்கொண்டு சிரித்தது.

“அட பைத்தியமே! எதிர்த்தீவின் மணலில் பாதி வயிறுகூட நிறையாமல்தானே வேறிடம் தேடி வந்தேன்? சேற்றில் நெளியும் இந்தச் சிற்றுயிர்கள்தாம் எங்கள் விருந்து. முதலில் இந்த மணலை எடு!”

அவ்வாண்டு தீவே இளஞ்சிவப்பாயிற்று. வரவேற்று வரவேற்றே பெருங்கொடுக்கனுக்குக் கொடுக்கு வலித்தது. ஆமையோ, இத்தனை இரைச்சலில் கண்ணயர முடியவில்லையே என்று நாள்தோறும் முணுமுணுத்தது. ஆனால் குடிபோகும் பேச்சை மட்டும் எடுக்கவே இல்லை.

விருந்தினரை அழைக்க விரும்புவோர், பிறரிடம் இருப்பதைப் போலச் செய்து காட்டாமல், தம்மிடம் இருப்பதை உள்ளபடியே காட்ட வேண்டும்.