மண் பூசிய கதவு

ஒரு காட்டில், கேளுங்கள் பிள்ளைகளே, ஆற்றுக்கு இந்தக் கரையில் ஒரு வழக்கம், அந்தக் கரையில் இன்னொரு வழக்கம்.

இந்தக் கரையில், அலகின் மேல் கொம்பு முளைத்த இருவாச்சிப் பறவைகள். ஒரு ஆணுக்கு ஒரு பெண், ஆயுசுக்கும் அவ்வளவுதான். முட்டையிடும் காலம் வந்தால் பெண் மரப்பொந்துக்குள் போய் உட்கார்ந்துகொள்வாள். இருவருமாகச் சேர்ந்து வாசலை மண்ணால் பூசி அடைத்துவிடுவார்கள். அலகு நுழைகிற அளவுக்கு ஒரு கீறல்தான் மிச்சம். உள்ளே போனவள் சிறகையும் உதிர்த்துக் குஞ்சுகளுக்கு மெத்தை போட்டுவிடுவாள். பிறகு ஆண் கொண்டுவந்து ஊட்டினால்தான் உண்டு.

கொம்பன் என்ற இருவாச்சி தன் மனைவி செம்பிக்கும் குஞ்சுகளுக்கும் அத்திப்பழம் சுமந்துகொண்டே இருந்தான். ஆண்பிள்ளை என்றால் இவனல்லவா என்று கரையே மெச்சியது. அந்த மெச்சலில் பழத்தின் கனமே அவனுக்குத் தெரியவில்லை.

இக்கரையில் அத்தி தீர்ந்தது. ஆற்றைத் தாண்டினான். அங்கே ஒரு பனைமரம் முழுக்கத் தூக்கணாங்குருவிக் கூடுகள். என்ன கும்மாளம், என்ன கீச்சுக்கீச்சு! ஆண் குருவி கூடு பின்னும். பெண் வந்து பார்த்து, பிடித்தால் குடியேறும். உடனே அவன் அடுத்த கூட்டுக்கு ஓலை கிழிக்கப் போய்விடுவான், அடுத்த பெண்ணுக்காக.

மஞ்சணன் என்ற குருவிக்கு மூன்று கூடு. அவன் கேட்டான்: "அண்ணே, இத்தனை பெரிய உடம்பு. வீட்டில் எத்தனை பேர்?"

"ஒருத்தி."

மரமே சிரித்தது. கொம்பு முளைத்தவனுக்குத் தைரியம் முளைக்கவில்லை பாவம் என்றது ஒரு குருவி.

கொம்பன் முகம் சுருங்கிப்போனது. எதற்காக அங்கே மெச்சினார்களோ அதற்காகவே இங்கே சிரிக்கிறார்கள். அலகிலிருந்த பழத்தையெல்லாம் அந்தக் கரையில் தனியாகத் திரிந்த ஒரு இருவாச்சிப் பெண்ணுக்குக் கொடுத்தான். குருவிகள் போட்ட ஆரவாரத்தில் பனை ஆடியது. கேட்கக் கேட்க அவனுக்கு உச்சி குளிர்ந்தது. வானத்தில் குட்டிக்கரணம் போட்டுக் காட்டினான். மறுநாளும் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை.

அவளுக்கென்று இரண்டாவது பொந்தும் பார்த்தாயிற்று. ஈரமண்ணை அலகில் கவ்விக்கொண்டு போகையில், மஞ்சணனின் மூத்த மனைவி சிட்டாள் புழுவோடு குறுக்கே வந்தாள். கொம்பன் மண்ணைக் கிளையில் வைத்தான்.

"தங்கச்சி, உன் புருஷன் மூன்றாவது கூட்டில் இருக்கிறானே. உனக்குப் பசிக்காதா?"

சிட்டாள் புழுவைக் காலில் அமுக்கிக்கொண்டாள். "எனக்கேன் பசிக்கணும் அண்ணா? என் கதவு திறந்துதான் கிடக்கு, சிறகும் என்னிடம்தான் இருக்கு. அது சரி, இந்த மண் எதற்கு?"

"வாசலை அடைக்க."

"அடைத்துவிட்டால் உள்ளே இருக்கிறவள் எப்படிச் சாப்பிடுவாள்?"

அப்போதுதான் கொம்பனுக்குச் செம்பியின் ஞாபகம் வந்தது. ஓடிப்போய் அந்த இருவாச்சிப் பெண்ணிடம், வீட்டில் ஒருத்தியை அடைத்துவிட்டு வந்திருக்கிறேன் என்றான். "பிறகு இங்கே நின்று என்ன பேச்சு?" என்றாள் அவள்.

பறந்தான் பாருங்கள்! வழியில் அகப்பட்ட பழத்தை வாரினான். எதிர்க்காற்றை முட்டினான். ஆற்றைத் தாண்டினான். பொந்தின் கீறலில் அலகைக் காணோம். தட்டினான். சத்தமில்லை. மறுபடி தட்டினான்.

மெதுவாக ஓர் அலகு நுனி வெளியே வந்தது. பழங்களை ஒவ்வொன்றாக வாங்கி, குஞ்சுகளுக்கெல்லாம் கொடுத்த பிறகுதான் செம்பி பேசினாள்.

"கதவை இரண்டு பேரும்தானே பூசினோம். உள்ளே இருக்கிற எனக்கு ஞாபகம் இருக்கிறது."

கொம்பன் தலை தொங்கிப்போனது.

விஷயம் பரவியதும் இக்கரைக் கிழவர்கள் கூடி, அந்தக் குருவிச் சாதியே மானங்கெட்டது, இவனைக் கெடுத்துவிட்டது என்று ஏசினார்கள்.

"அவர்களை ஏசாதீர்கள்," என்றான் கொம்பன். "அங்கே யார் வாசலும் அடைபடவில்லை. அடைத்துவிட்டு மறந்தவன் நான்."

மறுநாள் பழம் பறிக்க அக்கரை போனான். மஞ்சணன் விடுவானா? "என்னண்ணே, மறுபடியும் ஒன்றுதானா?" என்றான். மரமே சிரித்தது.

கொம்பன் வீட்டுப் பக்கம் திரும்பிப் பறந்தான். வாய் நிறையப் பழம் இருந்தது.

நீதி: கரைக்குக் கரை வழக்கம் மாறும், மெச்சலும் ஏச்சும் மாறும், நம்மை நம்பிக் கதவடைத்துக்கொண்டவரின் பசி மாறாது.