ஒரு முழ இடைவெளி

குருவுக்கு வயது முப்பத்தாறு, சீடருக்கு ஐம்பத்தெட்டு. யார் யாரை எப்படிக் கூப்பிடுவது என்பதிலேயே முதல் நாள் கொஞ்சம் சங்கடம். கடைசியில் அவர் அவளை மாஸ்டர் என்றார், அவள் அவரை அண்ணே என்றாள்.

மாஸ்டரின் பெயர் ஆக்னஸ். போலீஸ் பயிற்சிப் பள்ளியில் பத்து வருடம் சுடக் கற்றுக்கொடுத்துவிட்டு வேலையை விட்டவள். திண்டுக்கல்லுக்கு வெளியே, கல் உடைப்பது நின்றுபோன ஒரு குவாரியில் உரிமத்தோடு பயிற்சி நடத்திவந்தாள். சீடர் அழகுராஜாவுக்குப் போடிப் பக்கம் ஏலக்காய்த் தோட்டம். ஊரில் யாரும் அவரை எதிர்த்துப் பேசுவதில்லை, அந்தப் பழக்கத்தோடுதான் இங்கேயும் வந்திருந்தார்.

புதன்கிழமை காலை அவர் மேஜைமேல் வைத்த ரிவால்வரை ஆக்னஸ் குனிந்து பார்த்தாள். முறைப்படி லைசென்ஸ் எடுத்து, பழைய தோட்டக்காரர் குடும்பம் ஒன்றிடம் வாங்கியது. நாற்பத்தைந்து ரகம், ஐந்து குண்டு பிடிக்கும், குழல் இரண்டே அங்குலம். வாய் பெரிது, கழுத்தே கிடையாது. இடுப்பில் செருகினால் சட்டைக்கு மேலே தெரியாது, உருவி நீட்டினால் எதிரில் நிற்பவனுக்கு நாக்கு எழாது. இரண்டையும் அவர் வீட்டு நிலைக்கண்ணாடி முன் நின்று சரிபார்த்திருந்தார்.

"இது நல்ல துப்பாக்கியா மாஸ்டர்?"

"எதுக்கு?"

ஜீப்பில் உட்கார்ந்திருந்த தன் மகள் மேகலாவை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். கட்டிக்கொடுத்த இடத்தில் புருஷன் திரவியம் அவள் சுண்டுவிரலை ஒடித்து அனுப்பி எட்டு மாதம் ஆகிறது. போன மாதம் அரிவாளோடு வந்து வாசலில் கட்டியிருந்த நாயை வெட்டிப் போட்டுவிட்டுப் போனான். வரும் ஞாயிற்றுக்கிழமை வந்து, யார் தடுத்தாலும் மேகலாவைக் கையைப் பிடித்து இழுத்துப்போவதாக இப்போது சொல்லி அனுப்பியிருக்கிறான். சொன்னால் செய்கிறவன்.

அன்றைக்கு அவளை வேறு ஊருக்கு அனுப்பலாமே என்று ஆக்னஸ் கேட்டாள். ஓடி ஒளிய அவள் என்ன தப்பு செய்தாள் என்று அவர் திருப்பிக் கேட்டார். அதோடு, அவள் இல்லையென்றால் அவன் பேசாமல் திரும்பிப் போய், அவர் வீட்டில் இல்லாத நாளாகப் பார்த்து வருவான். அவள் மேல் அவன் கை வைத்த பிறகு சுட்டால்தான் தற்காப்பு என்று கோர்ட்டில் நிற்கும் என்று வக்கீல் ஒருவர் சொல்லியிருந்தார். அதனால் மேகலா ஹாலில்தான் இருப்பாள், அவர் பன்னிரண்டு அடி தள்ளி நாற்காலியில் இருப்பார். கணக்கெல்லாம் போட்டாயிற்று, கை பழகுவதுதான் பாக்கி என்றார்.

ஆக்னஸ் துப்பாக்கியைக் கையில் எடுத்து எடை பார்த்தாள்.

"குத்தம் சொல்ல முடியாது அண்ணே. ஒருத்தன் மேல விழுந்து அமுக்குறான்னா இதுதான் வேணும். குழல் நீளமா இருந்தா புடிச்சுத் திருப்பிருவான். பட்டா ஒரு குண்டே போதும்."

அவர் முகம் மலர்ந்தது.

"பன்னிரண்டு அடின்னா பார்த்துத்தான் சொல்லணும். ஒருத்தர் கையை ஒருத்தர் புடிச்சிருந்தா நடுவுல எவ்வளவு இடம் இருக்கும்?"

"ஒரு முழம் இருக்கும்."

மண்மேட்டுக்கு முன்னால் ஒரு பெஞ்சைப் போட்டு, தண்ணீர் நிரப்பிய இரண்டு பானைகளை ஒரு முழம் விட்டு வைத்தாள். வலதுபக்கப் பானையில் கரியால் பெருக்கல் குறி போட்டாள். அது திரவியம். இடதுபக்கப் பானை யார் என்று அவளும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

பன்னிரண்டு அடி தள்ளி நின்று அவர் சுட்ட முதல் குண்டு போன இடமே தெரியவில்லை. சத்தம் குவாரிச் சுவரில் மோதித் திரும்பி வந்தது, ஜீப்பில் மேகலா இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். துப்பாக்கி அவர் கையை உதறிவிட்டு வானத்தைப் பார்த்தது. அதைக் கீழே இறக்கிக் குறிபார்ப்பதற்குள் ஒருவன் பன்னிரண்டு அடியைக் கடந்து வந்துவிடலாம். இரண்டாவது குண்டு பெஞ்சின் காலைப் பெயர்க்கப் பார்த்தது. மூன்றாவதில் இடதுபக்கப் பானை வெடித்துத் தண்ணீர் கொட்டியது. மிச்சம் இரண்டும் மண்ணுக்குள் போயின. கரிக்குறி போட்ட பானை சொட்டுத் தண்ணீர் சிந்தாமல் நின்றது.

அழகுராஜா வெயில் கண்ணில் அடிக்கிறது என்றார்.

"வெயில் இல்லண்ணே. சத்தம் வரப்போகுதுன்னு உங்க கைக்கு முன்கூட்டியே தெரிஞ்சுபோகுது. வெடிக்கறதுக்கு முன்னாடியே பயந்து இடப்பக்கம் கீழ இழுக்குது. குழல் இவ்வளவு குட்டையா இருந்தா அந்தச் சின்ன இழுப்பே போதும்."

அவருக்குக் கோபம் வந்தது. தன் கைக்குப் பயமா என்று கேட்டார். யானை வந்த ராத்திரியில் தனியாகத் தோட்டத்தில் நின்றவர் அவர். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நாலு நாள் இருக்கிறது, தினம் ஐம்பது குண்டு சுட்டால் கை தன்னால் வழிக்கு வரும், பானை உடைந்தது பானையோடு போகட்டும் என்றார்.

ஆக்னஸ் துப்பாக்கியை வாங்கி, காலித் தோட்டாக்களைக் கொட்டினாள். திருகைக் கழற்றிக் குண்டு போடும் உருளையையே தனியாக எடுத்தாள். அவரிடம் அதைக் காட்டிவிட்டுத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். மிச்சம் இருந்தது நடுவில் ஓட்டையான ஒரு இரும்புத் துண்டு, அந்தப் பக்கத்து வெளிச்சம் இந்தப் பக்கம் தெரிந்தது. அதை அவர் கையில் கொடுத்துவிட்டு மேகலாவைக் கூப்பிட்டாள்.

மேகலா இறங்கி வந்தாள். இடதுபக்கப் பானை இருந்த இடத்துக்கு முன்னால் நிற்கச் சொன்னதும், ஏன் என்று கேட்காமல் போய் நின்றாள். செருப்புக்கு அடியில் ஓடுகள் நொறுங்கின.

"அண்ணே, கரிப் பானையைக் குறி பாருங்க."

அழகுராஜா தன் கையில் இருந்ததைப் பார்த்தார். ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார், மறுபக்கம் விரல் வந்தது. மறுபடியும் விட்டுப் பார்த்தார்.

"உருளை என்கிட்டதான் இருக்கு. அதுல சுட ஒண்ணுமே கிடையாது. தூக்குங்க."

கை இடுப்புவரை வந்து நின்றுவிட்டது. மேகலாவுக்கும் கரிப் பானைக்கும் நடுவில் இருந்த ஒரு முழம் சற்றுமுன் பெரிதாகத் தெரிந்திருக்க வேண்டும். இப்போது அங்கே ஒரு விரல் நுழைய இடம் இருப்பதாகக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

மேகலா கண்களை மூடிக்கொண்டாள். கைகள் இரண்டையும் உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டாள், ஒடிந்து கோணலாகச் சேர்ந்த சுண்டுவிரல் மட்டும் ஒட்டாமல் நின்றது.

"பரவால்லப்பா, நான் அசைய மாட்டேன்" என்றாள்.

அசையாமல் நிற்பது அவளுக்குப் பழக்கம் என்பது அந்தக் குரலில் தெரிந்தது. எட்டு மாதமாக அவள் சொல்லாமல் இருந்ததெல்லாம் அவருக்கு அந்த ஒரு நொடியில் கேட்டுவிட்டது. துப்பாக்கியை மண்ணில் போட்டுவிட்டு ஓடிப்போய் மகளைப் பிடித்து இழுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் நிறுத்திக்கொண்டார். மாஸ்டர் என்ற மரியாதையெல்லாம் போய்விட்டது.

"ஏம்மா, உனக்குப் புத்தி இருக்கா? பெத்த அப்பன் துப்பாக்கிக்கு முன்னால பொண்ணைக் கொண்டாந்து நிறுத்துறியே."

ஆக்னஸ் குனிந்து அந்த இரும்புத் துண்டை எடுத்து மண்ணைத் துடைத்தாள். சட்டைப் பையிலிருந்த உருளையை எடுத்து அதன் பக்கத்தில் வைத்து, இரண்டையும் அவரிடம் நீட்டினாள்.

"நான் நிறுத்துனது சுடாத துப்பாக்கி முன்னாலதான், அண்ணே."