ஆற்றைப் போகச் சொன்ன சொல்

ஆறுகள் வாய் திறந்து பேசிய காலம் ஒன்று இருந்தது. பறவைகளும் பேசின, ஆனால் அவை பேசியதில் பாதி வம்பு. அந்தக் காலத்தில் ஜாவா தீவின் தென்கரையோரம், சுண்ணாம்புக் குன்றுகளுக்கு நடுவே ஓர் ஊர் இருந்தது. குன்று என்றதும் பெரிய மலையாக நினைத்துக்கொள்ள வேண்டாம். சட்டிகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாற்போல சின்னச் சின்னதாக வரிசையில் நிற்கும். இன்றைக்கு அந்த ஊருக்கு வத்துகாரிங் என்று பெயர். காய்ந்த கல் என்று அர்த்தம். அன்றைக்கு யாரும் அப்படிக் கூப்பிட்டிருக்க முடியாது, ஏனென்றால் ஊர் நடுவே ஓர் ஆறு ஓடிக்கொண்டிருந்தது.

ஆற்றை ஒட்டிய வயல் தூமினாவுடையது. குன்றுகளுக்கு அந்தப் பக்கமிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள் அவள். புருஷன் சார்த்தோ நல்ல மனுஷன்தான், ஆனால் அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வருவதற்குள் சோறு ஆறிப்போகும். அதனால் தூமினா பேசுவதெல்லாம் ஆற்றிடம்தான். துணி துவைத்துக்கொண்டே பேசுவாள், நாற்றை நட்டுக்கொண்டே பேசுவாள். பிறந்த வீட்டு ஞாபகம் வந்தால் காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பாள். ஆற்றை அவள் அக்கா என்றுதான் கூப்பிட்டாள்.

இப்போது அந்த ஊர்க்காரர்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பெரியவர்கள் எது கேட்டாலும் தலையைக் குனிந்து ‘இங்கி’ என்பார்கள். ‘சரிங்க’ என்று அர்த்தம். எருமையை நாளைக்கு ஓட்டிட்டு வர்றியா? இங்கி. எருமை வராது. கேட்டவருக்கும் கோபம் வராது, ஏனென்றால் அவர் இங்கி என்ற சொல்லைக் கேட்கவில்லை, குரலில் அதன் வால் எப்படி இறங்கியது என்பதைத்தான் கேட்டார். ‘மாட்டேன்’ என்பதை மூத்தவர் முகத்துக்கு நேரே சொல்வது அவர்களுக்குக் காறித் துப்புவது மாதிரி. ஆகவே ஆமாம் என்பதற்கும் இங்கி, இல்லை என்பதற்கும் இங்கி. தூமினா பிறந்த ஊரிலும் இதே வழக்கம்தான். அந்த மண்ணில் பிறந்தவர்களுக்கு இதில் குழப்பமே கிடையாது.

ஆறு அந்த மண்ணில் பிறந்தவள் இல்லை. வடக்கே தூரத்து எரிமலையில் பிறந்து இறங்கி வந்தவள். தண்ணீருக்கு உடம்புதான் வளையும், பேச்சு வளையாது.

ஒரு கோடைக்காலத்துக் காலையில் ஆறு தூமினாவைக் கூப்பிட்டது.

“தூமினா, தெற்கே எங்க அம்மா கடல் கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க. குன்றுக்கு அடியில குறுக்குவழி ஒண்ணு இருக்காம். அதுல இறங்கிட்டா திரும்ப மேலே ஏற முடியாது. நான் போகட்டுமா?”

தூமினாவுக்குக் கையிலிருந்த சட்டி கனத்தது. நீங்க போயிட்டா நான் யார்கிட்ட பேசுவேன் என்று நெஞ்சு முழுக்கக் கத்தியது. ஆனால் கேட்டது மூத்தவள், அவளுடைய தாய் கூப்பிடுகிறாள். தூமினா தலையைக் குனிந்தாள்.

“இங்கி, அக்கா.”

ஆறு நகரவில்லை. அவள் கணுக்காலைச் சுற்றிச் சுற்றி வந்தது.

“நிஜமாத்தான் சொல்றியா? நான் இல்லாம இருந்துக்குவியா?”

“இங்கி.”

கதையில் இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். நம் காதுக்கு அந்தச் சொல் ‘இங்கே’ என்று கேட்கும். இங்கேயே இருங்க என்று அந்தப் பெண்ணும் மனசுக்குள் அதைத்தான் சொன்னாள். ஆற்றுக்கு அப்படிக் கேட்டிருக்கக் கூடாதா? அதற்குச் சரி என்றுதான் கேட்டது. குன்றின் அடியில் இருந்த பொந்துக்குள் தலையைக் கொடுத்து இறங்கியது. மத்தியானத்துக்குள் ஊர் நடுவே வெறும் கூழாங்கல்தான் கிடந்தது.

ஊரே திரண்டு வந்து நின்றது. போகச் சொன்னது யார் என்று கேட்டார்கள். நான்தான் என்றாள் தூமினா. நடந்ததைச் சொன்னாள். எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். யாரை ஆறு கேட்டிருந்தாலும் அதே பதிலைத்தான் சொல்லியிருப்பார்கள் என்று அவரவருக்குத் தெரியும். அப்புறம் எந்த முகத்தோடு திட்டுவது?

அந்த ஆண்டு மழை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. தேக்கு இலைகள் கொட்டின. குடங்களைச் சுமந்துகொண்டு பெண்கள் குன்று குன்றாக ஏறி இறங்கினார்கள். தூமினாவும் போனாள். திரும்பி வரும்போது மட்டும் அந்தப் பொந்தின் அருகே குடத்தை இறக்கி வைத்துவிட்டு, காதைப் பாறையில் ஒட்டிக்கொண்டு படுத்திருப்பாள். கீழே தூரத்தில் அக்கா ஓடுவது கேட்கும். கேட்கும், அவ்வளவுதான். பார்க்க முடியாது, தொட முடியாது. இறந்துபோனவர்களைக்கூட ஒருவழியாக மறந்துவிடலாம் போல. உயிரோடு காலடியில் ஓடிக்கொண்டிருப்பவளை எப்படி மறப்பது?

அந்தப் பொந்துக்குள் உழவாரக் குருவி ஒன்று கூடு கட்டியிருந்தது. இருட்டிலும் பறக்கத் தெரிந்த பறவை அது. இவள் படுத்துக் கிடப்பதைப் பார்த்துப் பார்த்து அதற்குச் சலித்துவிட்டது.

“போகச் சொன்னதும் நீ, அழறதும் நீ. என்னம்மா இது?”

“நான் எங்கே போகச் சொன்னேன்? வேண்டாம்னுதானே சொன்னேன்” என்றாள் தூமினா.

“எந்த வாயால சொன்னே? கீழே உங்க அக்கா என்கிட்ட சொல்லிச் சொல்லி அழறாங்க. போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லுவான்னுதான் ரெண்டாம் தரமும் கேட்டேன், அதுக்கும் சரின்னுட்டாளேன்னு.”

தூமினா எழுந்து உட்கார்ந்தாள்.

“இப்பவாவது சொல்லு” என்றது குருவி. “பொந்துல வாயை வச்சு, போகாதீங்கன்னு சொல்லு.”

தூமினா குனிந்தாள். தொண்டையைச் சரிசெய்துகொண்டாள். உள்ளேயிருந்து எல்லாம் திரண்டு வந்தது. நாக்கு நுனிக்கு வந்ததும் பழகிய தடத்தில் சறுக்கியது.

“இங்கி” என்றாள்.

குருவி தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான்.

தூமினா வீட்டுக்குப் போனாள். பரணிலிருந்து விதைநெல்லை இறக்கினாள். வீட்டில் மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான். அதை இடுப்பில் கட்டிக்கொண்டு, குழி போடும் கம்பை எடுத்துக்கொண்டு வயலுக்கு நடந்தாள். வயலா அது? கால் வைத்தால் புழுதி முழங்கால்வரை எழும்பும். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. கம்பை ஓங்கிக் குத்தினாள். ஒரு சாண் மண்ணுக்குக் கீழே பாறை. டொக் என்று சத்தம் வந்தது. குழியில் நெல்லைப் போட்டு மூடினாள். மறுபடி குத்தினாள்.

சார்த்தோ ஓடி வந்தான். வீட்டின் கடைசி நெல் எறும்புக்குப் போகிறதே என்று அவன் வயிறு எரிந்தது. அன்றைக்கு அவனுக்கே பேச்சு வந்துவிட்டது.

“மழை பெய்யட்டும் தூமினா. அப்புறம் விதைக்கலாம்.”

“இங்கி” என்றாள் அவள், கம்பைக் கீழே வைக்காமல்.

சார்த்தோ அந்த ஊரில் பிறந்தவன். அந்தச் சொல்லின் வால் இறங்கிய விதத்தைக் கேட்டான். வீட்டுக்குப் போய் இன்னொரு கம்போடு வந்து அவள் பக்கத்தில் நின்று குத்த ஆரம்பித்தான். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் வயலில் இறங்கினார்கள்.

டொக், டொக் என்று அந்தச் சத்தம் பாறைவழியே இறங்கி இருட்டுக்குள் ஓடிக்கொண்டிருந்த ஆற்றின் முதுகில் விழுந்தது.

“மேலே என்ன சத்தம்?” என்று ஆறு கேட்டது.

“உங்க தங்கச்சி காய்ஞ்ச புழுதியில விதை போடுறா” என்றது குருவி.

ஆறு அப்படியே நின்றுவிட்டது. விருந்தாளி வருவார் என்று நம்பினால்தானே யாரும் இலை போட்டு வைப்பார்கள்? தண்ணீர் வரும் என்று நம்பாமல் யார் விதை போடுவார்கள்? வேண்டாம் என்றுதான் அவள் அன்றைக்கே சொல்லியிருக்கிறாள் என்று ஆற்றுக்கு அப்போதுதான் விளங்கியது.

ஆனால் மேலே ஏற வழியில்லை. ஆறு தெற்கே ஓடித் தாயின் மடியில் விழுந்து அழுதது. கடல் மகளைத் தூக்கி வெயிலிடம் கொடுத்தது. வெயில் அவளை மேகமாக்கியது. விதைத்த நெல்லை எறும்பு கண்டுபிடிக்கும் முன்பே, தெற்கேயிருந்து மேகம் கறுத்துக்கொண்டு வந்து குன்றுகளின் மேல் இறங்கியது. தூமினா வாசலுக்கு ஓடி வந்து நனைந்தபடி நின்றாள். “அக்கா” என்று மட்டும் சொன்னாள். மழை அவள் கணுக்காலைச் சுற்றிச் சுற்றி ஓடியது.

நெல் முற்றும்வரை அக்கா தங்கினாள். பிறகு சுண்ணாம்புக் கல்லின் விரிசல்கள் வழியே மறுபடியும் கீழே இறங்கினாள். இந்த முறை ‘போகட்டுமா’ என்று கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று அவளுக்குத் தெரியும்.

வத்துகாரிங்கில் மழைக்கு முன்பே, கோடையின் கடைசியில், வெறும் புழுதியில் நெல் விதைக்கிறார்களே, அந்த வழக்கம் தூமினாவின் வயலில் பிறந்ததுதான். ஊரே வரிசையாக நின்று கம்பால் பாறையைத் தட்டும். இந்த வருஷம் மழை வந்துவிடுமா என்று நீங்கள் கேட்டால், தலையைக் குனிந்து இங்கி என்பார்கள். அந்தச் சொல்லை நம்ப வேண்டாம். கம்பின் சத்தத்தைக் கேளுங்கள். போகாதீங்க அக்கா என்று அது கீழே இருப்பவளிடம் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது.