மாடுகள் போகும் திசை

"எது உண்மையோ அதைச் சொல்லிவிடுங்கள் அம்மா. அதைப் பாடி அடி வாங்கினாலும் பரவாயில்லை," என்றான் சடையாண்டி.

குரு உலகம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சீடனை விடப் பத்து வயது இளையவள். வாய் மட்டும் மூத்தது.

அடி வாங்கினால் உடுக்கையை யார் அடிப்பது என்று கேட்டாள்.

மேலக்காட்டுக்கும் கீழக்காட்டுக்கும் நடுவே ஒரு வீரக்கல். மாடு திருடர்களிடமிருந்து மந்தையை மீட்டு ஓட்டிவரும்போது செத்த வீரன். எங்கள் ஆள், நீங்கள்தான் திருடர்கள் என்று இரண்டு ஊருமே சொல்லும். அது வரைக்கும் ஒற்றுமை. இந்த வருஷம்தான் முதன்முறையாகச் சேர்ந்து விழா எடுக்கிறார்கள். சாயங்காலம் சடையாண்டி பாட வேண்டும். போன தடவை ஓர் ஊர் தனியாக எடுத்த விழாவில் பாடியவர் கிழிந்த உடுக்கையோடு ஊரை விட்டே போனார். சடையாண்டிக்கு வேறு தொழில் தெரியாது.

உலகம்மை கையைக் கழுவிக்கொண்டு அவனைக் கல்லுக்கு அழைத்துப் போனாள்.

முழங்கால் உயரக் கல். வீரனுக்கு மூக்கு தேய்ந்துவிட்டது. அவனுக்கு முன்னால் செதுக்கிய இரண்டு மாடுகள்.

"எந்தப் பக்கம் போகின்றன?"

"மேற்கே." அவன் முகம் மலர்ந்தது. "அப்படியானால் மேலக்காடுதான்."

"பிடி."

யோசிக்காமல் பிடித்தான். மணலில் நட்டிருந்த கல். முன்பக்கம் பின்பக்கமாகத் திருப்பி வைத்தார்கள்.

"இப்போது?"

"கிழக்கே. அம்மா, இது அநியாயம்."

வெள்ளத்தில் விழுந்து கிடந்ததை வெளியூர் ஆட்கள் எடுத்து நிறுத்தினார்களே, அவர்கள் மட்டும் மாட்டைக் கேட்டுக்கொண்டா நிறுத்தினார்கள் என்றாள்.

பொழுது இறங்கிக்கொண்டிருந்தது.

இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் வந்தாள். வீரனின் முகத்தைக் காணாமல் கல்லைச் சுற்றி வந்தாள். "இன்றைக்கு இந்தப் பக்கம் திரும்பிட்டாரா," என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, குழந்தையை வீரனின் காலடியில் இறக்கிவிட்டாள்.

எதற்கு என்று சடையாண்டி கேட்டான்.

ஒன்றரை வயதாகியும் நடக்கவில்லையாம். மாட்டுக்குப் பின்னாலேயே இத்தனை தூரம் நடந்த சாமி, இவனையும் நடக்க வைப்பாராம்.

"நீ எந்த ஊர்?"

"பிறந்தது மேலக்காடு. வாக்கப்பட்டது கீழக்காடு."

"அப்படியென்றால் திருடன் யார்?"

அவள் முகம் சுருங்கியது. இந்தக் கேள்வியால்தான் காதுகுத்து வீட்டில் அண்ணனும் புருஷனும் இலையை விட்டு எழுந்து அடித்துக்கொண்டார்கள். சமைத்ததெல்லாம் வீண்.

"பிள்ளைக்குச் சொல்லும்போது திருடனே கிடையாது," என்றாள். "மாடு தானா வழி தவறிடுச்சுன்னு சொல்லி வச்சிருக்கேன்."

"அது பொய் இல்லையா அம்மா?" என்று சடையாண்டி குருவிடம் திரும்பினான்.

"மற்ற இரண்டு கதையும் மட்டும் உண்மையா?" என்றாள் உலகம்மை.

சடையாண்டி தோளில் தொங்கிய உடுக்கையைக் கீழே வைத்துவிட்டு, குழந்தைக்குப் பக்கத்தில் மணலில் சம்மணமிட்டு உட்கார்ந்தான்.

"மாடு வழி தவறிடுச்சு," என்றான். "அப்புறம், தாயி?"