சர்வேயர் நட்ட கோல்

“சாமி, கல்லு கோணலாப் போகுதுங்க.”

கவணும் கையுமாக வந்து நின்றார் நாச்சிமுத்து.

ரங்காத்தாச் சாமி கத்தரிப் பாத்தியில் களை கொத்திக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“எப்ப இருந்துங்க?”

“ஒரு வாரமாங்க.”

“அதுக்கு முன்னாடி?”

“சொல்லி வச்ச மாதிரி பட்டுதுங்க.”

நாச்சிமுத்து முப்பத்து மூன்று வருஷம் சர்வேயராக இருந்தவர். ஓய்வு பெற்ற கையோடு, “சீடனாச் சேத்துக்குங்க சாமி” என்று வந்து காலில் விழுந்தார். அவருக்கு ஐம்பத்தொன்பது வயது. சாமிக்கு நாற்பத்திரண்டு.

சாமி மந்திரம் எதுவும் சொல்லித் தரவில்லை. ஒரு கயிற்றுக் கவணைக் கையில் கொடுத்தார்.

“சோளம் கதிர் புடிச்சிருக்குது. நடுக்காட்டுல தகரம் தொங்குது பாருங்க. கிளி இறங்கினா கல்லு வீசித் தகரத்துல அடிங்க. சத்தத்துக்கே ஓடிரும். அறுப்பு வரைக்கும் காப்பாத்துனா இங்கேயே இருக்கலாம். இல்லீன்னா ஊருக்குக் கிளம்பிருங்க.”

ஊருக்கா? இனி இந்த வாசல்படி மிதிக்க மாட்டேன் என்று தெருவே கேட்கக் கத்திவிட்டு வந்த மனிதர். எந்த முகத்தை வைத்துக்கொண்டு மருமகள் முன்னால் போய் நிற்பார்?

ஆடிக்காற்று மேற்கிலிருந்து ஓயாமல் அடித்தது. முதல் நாள் வீசிய கல்லெல்லாம் தகரத்துக்குக் கிழக்கே ஆறடி தள்ளிப் போனது.

மனுஷர் சும்மா இருப்பாரா? நாடாவை எடுத்து அளந்தார். தகரத்துக்கு மேற்கே அதே ஆறடியில் ஒரு கோலை நட்டார். கோலைக் குறிபார்த்து வீசினார். காற்று கல்லைக் கிழக்கே தள்ளியது.

டங்!

கிளிக்கூட்டம் அலறிக்கொண்டு பறந்தது. அன்றைக்கு அவருக்குச் சோறு இரண்டு பிடி கூடுதலாக இறங்கியது.

ஐந்து நாள் எல்லாம் ஒழுங்கு. ஆறாம் நாள் சனி பிடித்தது. கோலைப் பார்த்துத்தான் வீசினார். ஆனால் கல் தகரத்தை விட்டு மேற்கே ஓரடி விலகியது. மறுநாள் இரண்டடி. நாளுக்கு நாள் கோல் பக்கமே நகர்ந்தது.

“காத்து குறைஞ்சிருக்குமுங்க” என்றார் சாமி.

“துணி கட்டிப் பாத்துட்டனுங்க. அதே காத்துதான்.”

“கல்லு?”

“எல்லாம் ஒரே எடைங்க. பொறுக்கி வச்சிருக்கறேன்.”

“நிக்கற இடம்?”

“காலுக்கு அடையாளம் போட்டிருக்கறனுங்க.”

“இன்னிக்கு எங்க பட்டுது?”

நாச்சிமுத்து கோல் பக்கம் கையை நீட்டினார். “கோல்லயே பட்டுதுங்க.”

சாமி சிரித்துவிட்டார். “அதைத்தானுங்களே குறி பாத்தீங்க?”

“கேலி பண்ணாதீங்க சாமி. கிளி கால்வாசிக் காட்டைத் தின்னு தீத்துருச்சு.”

“அப்பக் கோலைப் புடுங்கி நகர்த்தறதுதானுங்களே?”

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. அளந்து நட்ட எல்லைக்கல்லை வாழ்நாளில் ஒரு விரற்கடை நகர்த்தியதில்லை அவர். நகர்த்தச் சொல்லி வந்த பெரிய மனிதர்களை வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறார்.

“அளந்து நட்டதுங்க. அதுல தப்பு வராதுங்க. என் கையிலதான் கோளாறு.”

சாமி எழுந்தார். விறுவிறுவென்று சோளக்காட்டுக்குள் நடந்தார். கோலை ஒரே இழுப்பில் பிடுங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரும்பி வந்தார்.

“பாகல் கொடிக்கு ஊணுகோல் இல்லாமக் கெடந்துது. நல்லதாப் போச்சு.”

“ஐயையோ! என்ன சாமி இப்படிப் பண்ணிட்டீங்க!”

அந்த நேரம் பார்த்து இருபது முப்பது கிளி ஒன்றாக இறங்கியது.

“அடிங்க” என்றார் சாமி.

“எதைப் பாத்து அடிக்கறது? கோல் இல்லீங்களே!”

“எங்க படோணும்?”

“தகரத்துல.”

“அப்ப அதைப் பாருங்க.”

“அதைப் பாத்தா முதல் நாளாட்டம் ஆறடி கிழக்கே போயிருமுங்க!”

சாமி பாகல் பந்தலுக்குப் போய்க் கோலை ஊன்ற ஆரம்பித்துவிட்டார்.

கிளிகள் கதிரைக் கொத்தும் சத்தம் கேட்டது. நாச்சிமுத்து கவணை எடுத்தார். போகிற போக்கில் போகட்டும் என்று கல்லை வைத்துச் சுழற்றி, தகரத்தை முறைத்தபடியே விட்டார்.

டங்!

அவர் நம்பவில்லை. இன்னொரு கல்.

டங்!

வேட்டி காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டுதான் இருந்தது. மூன்றாவது கல்லும் தகரத்தில்தான் விழுந்தது. காட்டில் ஒரு கிளி இல்லை.

பந்தலுக்கு ஓடினார். மூச்சு வாங்கியது.

“சாமி, காத்துக்குன்னு நான் ஓரடிகூட ஒதுக்கலீங்க. சத்தியமா ஒதுக்கலீங்க. கை தானா மேக்கே வீசுதுங்க. அப்ப யாருங்க ஒதுக்கறது?”

“ஒதுக்கறவரு இங்கேயே இருக்கட்டும்” என்றார் சாமி. “சர்வேயரைப் பஸ் ஏத்தி அனுப்பிருங்க.”