தக்காளிச் சாஸும் ஒரு செம்புத் தண்ணீரும்

முன்னொரு காலத்தில், ஆடு மாடெல்லாம் பேசி ஓய்ந்து, மனிதர் மட்டும் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த காலத்தில், மாங்குன்றம் என்ற நாட்டில் வேலாண்டி என்றொரு சமையல்காரன் இருந்தான். கைப்பக்குவம் உண்டு. குறை ஒன்றுதான். வாசலில் நிழலாடினால் போதும், அடுப்பில் இருப்பதில் ஒரு செம்புத் தண்ணீரைச் சேர்த்துவிடுவான். வந்தவருக்கும் ஆக வேண்டுமே.

ஒருநாள் கபாடன் என்ற மந்திரவாதி வந்து உட்கார்ந்து, தக்காளிச் சாஸ் கேட்டான். வேலாண்டி வழக்கம்போல் தண்ணீரைச் சேர்த்துப் பரிமாறினான்.

"என்னது இது?"

"தக்காளி குளிச்ச தண்ணி," என்றாள் வேலாண்டியின் மனைவி பொன்னுருவி.

அவள் குத்தியது கணவனை. கபாடனோ தன்னைத்தான் கேலி செய்கிறாள் என்று பிரம்பைச் சுழற்றினான். பொன்னுருவி மைனாவாகிவிட்டாள்.

வேலாண்டி காலில் விழுந்தான். கபாடன் ஒரு கூடை தக்காளியை வரவழைத்துக் கொடுத்தான். "நாளைப் பொழுது சாயறதுக்குள்ள இதைச் சாஸாக் காய்ச்சு. கரண்டியால சட்டி அடியில கோடு இழுத்தா, கோடு மூடக் கூடாது. அதுல ஒரு சொட்டு அவ அலகுல வை. தவறினா மைனா மைனாதான்."

மறுநாள் காலையில் வேலாண்டி தக்காளியின் அடியில் கீறல் போட்டு, வெந்நீரில் முக்கி, தோலை உரித்து, விதையைப் பிழிந்தெடுத்து, பூண்டும் வெங்காயமும் உப்பும் சேர்த்து அடுப்பில் ஏற்றினான். கிண்டினான், கிண்டினான், கை கடுக்கக் கிண்டினான்.

சாஸ் சுண்டி வரும் நேரத்தில் வளையல்காரர் எட்டிப் பார்த்தார். "அண்ணே, ஏதாச்சும் இருக்கா?"

கை தானாகச் செம்புக்குப் போனது. சளார்.

"ஏங்க," என்றது மைனா, "நான் இப்படியே இருக்கிறது உங்களுக்கு வசதியா இருக்கோ?"

"கை தானாப் போயிருச்சு, பொன்னு."

கிண்டினான், கிண்டினான், கை கடுக்கக் கிண்டினான். உச்சிவேளையில் தண்டோராக்காரர் வந்தார். சளார்.

மைனா அவன் உச்சந்தலையில் கொத்தியது. "கதவைச் சாத்தித் தொலைச்சா என்ன?"

"பட்டப்பகல்ல கதவைச் சாத்தினா ஊரு என்ன சொல்லும்?"

சொன்ன பிறகுதான் தன் பேச்சு தனக்கே கேட்டது. இத்தனை வருடமும் ஊற்றியது நல்ல மனசா, நாலு பேர் வாய்க்குப் பயமா? யோசித்தான். வந்த பதில் அவனுக்கே பிடிக்கவில்லை. கிண்டினான், கிண்டினான், கை கடுக்கக் கிண்டினான். விறகு நாலே கட்டைதான் மிச்சம். பொழுது சாய்ந்து, வெயில் பனைமர உச்சிக்கு ஏறிவிட்டது.

அப்போது கூன் விழுந்த கிழவர் ஒருவர் வந்து நின்றார். "சாமி, சாப்பிட்டு ரெண்டு நாளாச்சு."

கை செம்பை எடுத்தது. மைனா திட்டவில்லை, கொத்தவில்லை. கண்ணை மட்டும் மூடிக்கொண்டது. வேலாண்டிக்கு அதுதான் தாங்கவில்லை.

செம்பு சட்டியைத் தாண்டிக் கிழவர் கைக்குப் போனது. "தண்ணியைக் குடிங்க, ஐயா. என் பங்குக் கஞ்சி இருக்கு, அதையும் குடிங்க. இந்தச் சட்டியில மட்டும் உங்களுக்குப் பங்கில்லை."

"கஞ்சப்பயலா நீ?"

"இன்னைக்கு அப்படித்தான்."

முனகிக்கொண்டே கிழவர் கஞ்சியைக் குடித்தார். வேலாண்டி கிண்டினான், கிண்டினான். பிறகு கோடு இழுத்தான். கோடு அப்படியே நின்றது. பனை நுனியில் கடைசி வெயில் இருக்கும்போதே ஒரு சொட்டை ஊதி ஆற்றி அலகில் வைத்தான். சிறகு உதிர்ந்தது. பொன்னுருவி நின்றாள்.

"உப்பு கம்மி," என்றாள்.

கிழவரின் கூனும் நிமிர்ந்தது. கபாடன்தான். "மூணாவது செம்பையும் ஊத்த வைக்கத்தான் வந்தேன். உன் உப்பைத் தின்னுட்டேன். இனி இந்த வீட்டுல என் மந்திரம் பலிக்காது," என்று சலித்துக்கொண்டே போனான். அவன் கொடுத்த தக்காளியின் விதைகள் கொல்லையில் முளைத்து, வருடம் முழுக்கக் காய்த்தன.

இன்றும் வாசலில் நிழலாடினால் வேலாண்டியின் கை செம்புக்குத்தான் போகிறது. பொன்னுருவி ஒருமுறை செருமுகிறாள். தண்ணீர் வந்தவர் கைக்குப் போகிறது. அவர்கள் சாஸ் கெட்டியாகிவிட்டது. நம் வீட்டுச் சட்டியை நாம் போய்ப் பார்ப்போம்.